ரசமட்டம் வெட்டிப்போட்ட மூச்சு

அவனுக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்தது சொந்தக்காரர்கள் அல்ல, கூட வேலை பார்த்த ஆட்கள். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவனுக்கு. அந்த வேலையில் இருக்கிற எல்லார் பையிலும் ரசமட்டம் ஒன்று கிடக்கும். நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சமம், ஒதுங்கினால் சமமில்லை. மற்றவர்கள் அதை வைத்துப் பார்த்துச் சொல்வார்கள், இவன் வாசலில் நின்றே சொல்லிவிடுவான். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் உட்காருமுன் சுவரில் மாட்டியிருக்கிற படத்தை நேராக்குவான். அவனுடைய பெரியம்மா, அம்மாவுக்கு நேர் மூத்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "இவன என் வீட்டுக்காரர் பக்கத்துல உக்கார வைக்காதீங்க, அவரோட கோண மூக்கையும் நிமித்திடுவான்" என்று அவள் சொன்னதைச் சொல்லிச் சொல்லி அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

அவன் அப்பா பழைய பேப்பர் கிடங்கில் எடை போட்டவர். பிள்ளைகள் தலையெடுக்குமுன்னே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரி சமையல்கூடத்தில் வேலைக்குப் போனாள். வீட்டில் மிஞ்சியது இவனும் தங்கையும். தங்கைக்கு வீட்டில் பாப்பா என்று பெயர், கடைசிவரை அதுதான். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இளைப்பு. எதிர்ப்பக்கம் மரம் அறுக்கிற பட்டறை. அங்கிருந்து தூள் பறந்து வந்து விழுந்தபடி இருக்கும், அதனால் அந்த அறையின் ஜன்னலைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அம்மா வேலைக்குப் போன பிறகு பாப்பாவுக்கு இளைப்பு வந்தால் இவன்தான் பக்கத்தில் உட்கார வேண்டும். மருந்தை உறிஞ்சக் கொடுப்பான். பிறகு கட்டில் சட்டத்தில் விரலால் தட்டி எண்ணுவான். நாலு தட்டுக்கு உள்ளே இழு, ஆறு தட்டுக்கு வெளியே விடு. அவள் மார்புக்கூடு ஏறி இறங்கும். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்று அவள் தூங்கிப் போகிறவரை தட்டிக்கொண்டே இருப்பான். நின்றது நிம்மதியாலா வேறு ஏதாலா என்று பயந்து, மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவான். அவனும் அப்போது பையன்தானே, யாரிடம் சொல்லுவான்?

வளர வளர பாப்பாவின் நோய் தானாக விலகிப் போனது. தட்டின கை மட்டும் நிற்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு, பஸ் சீட்டு, தண்ணீர் டிரம், எதைக் கண்டாலும் தட்டுவான். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர், இவனுக்கு மாமா முறை, ஹோட்டல் விருந்துகளுக்கு டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். முதுகு வலி வந்து தொழிலை விட்டபோது தன்னுடைய டிரம்ஸ் செட்டைத் தூக்கி இவனிடம் கொடுத்துவிட்டார். இடத்தை அடைக்கிறதென்று மாமி திட்டினதால்தான் கொடுத்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு.

பேண்டு என்று ஒன்று உண்டானது இப்படித்தான். இவன் டிரம்ஸ். கிட்டார் அத்தை மகன். அப்பாவின் கடைசித் தங்கைக்கு மூத்த பிள்ளை, மருந்துக் கடையில் வேலை, அதனால் பெயரே மருந்து. பேஸ் கிட்டார் வாசித்தது நெட்டையன், பார்சல் வேன் ஓட்டுகிறவன், உறவில்லை, ஆனால் உறவுக்காரனைவிட அதிக நாள் இந்த வீட்டில் சாப்பிட்டவன். பாடினது பாப்பா. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துகிற வேலையில் இருந்தாள். பகலெல்லாம் இயந்திரத்தின் முன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் தெரு திரும்பிப் பார்க்கும்.

அவர்கள் வாசித்த இரைச்சலுக்கு மெட்டல் என்று பெயர். அதிலும் புரோக்ரஸிவ் மெட்டல் என்கிற தனி ரகம். மற்றப் பாட்டுகளில் தாளம் ஒரு சட்டை போட்டால் கடைசிவரை அதோடே இருக்கும். இதில் ஒரே பாட்டுக்குள் நாலு தடவை சட்டை மாற்றும். ஏழு அடியாகப் போய்க்கொண்டிருப்பது ஐந்தாகும், ஐந்து பதினொன்றாகும், காலைத் தட்டிக் கேட்கிறவன் தோற்றுப்போய்க் காலை மடக்கிக்கொள்வான். அதன் மேல் பாப்பா பாதிப் பாட்டைத் தேன் மாதிரிப் பாடுவாள், மீதியை அடித்தொண்டையிலிருந்து உறுமுவாள். முதல் தடவை அந்த உறுமலைக் கேட்ட அன்று பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் ஓடி வந்து கதவைத் தட்டினார். அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை என்று நினைத்துச் சமாதானம் பேச வந்தவர், விஷயம் தெரிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அம்மாவோ, தொண்டையில் முள் சிக்கினவர்கள்கூட இவ்வளவு சத்தம் போட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து கேட்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. சின்னச் சின்ன அரங்குகளில் கூப்பிட்டார்கள். பாட்டு முழுக்கப் பாப்பா எழுதினது. ரசமட்டத்திடம் போய் இந்தப் பாட்டில் என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்டால் விழிப்பான். எந்தச் சொல் எத்தனையாவது அடியில் வருகிறது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். தங்கையின் பாட்டை அத்தனை வருஷமும் அவன் எண்ணினானே தவிர, கேட்கவில்லை. இது அவனே பிற்பாடு சொன்ன சொல்.

பாப்பா பாடுகிற விதத்தில் ஒன்று உண்டு. அடி விழுந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். ரொம்பத் தள்ளி அல்ல, ஒரு மயிரிழை. முதலில் மூச்சை இழுப்பாள். அது ஒலிபெருக்கியில் நன்றாகக் கேட்கும், துணி கிழிகிற அதே சத்தம். நெஞ்சு நிறைந்த பிறகுதான் சொல் வரும். அதுவரை டிரம்ஸும் கிட்டாரும் வாசலில் காத்து நிற்கிற மாதிரி இருக்கும். கேட்கிறவர்களும் அந்த இடத்தில் கூடவே மூச்சை இழுப்பார்கள். அதற்காகவே வந்தவர்களும் உண்டு. அண்ணனுக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் உடம்பு கூசும், குச்சியைப் பிடித்த பிடி இறுகும்.

முதல் ஆல்பம் போட வேண்டும் என்று முடிவானபோது வெளியே ஸ்டுடியோவுக்குப் போக வசதிப்படவில்லை, வீட்டிலேயே பதிவு செய்தார்கள். பாப்பா பாட, அம்மாவின் அலமாரிதான் இடம். கதவு இரண்டையும் திறந்து, உள்ளே மடித்து வைத்த துணிகளுக்கு நேரே மைக்கைத் தொங்கவிட்டு, அலமாரிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு பாடுவாள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். உருக்கமான இடத்தில் அம்மா வந்து துண்டு எடுத்துக்கொண்டு போனதால் ஒரு பாட்டைத் திரும்பப் பாட வேண்டியதாயிற்று. ஆனாலும் பாப்பா அந்த நாட்களில் பாடினது போல அதற்கு முன் பாடினதில்லை. மூன்றாவது பாட்டை முடித்துவிட்டு அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிற நெட்டையன்கூட எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அன்றைக்குத்தான் அவள் சொன்னாள்.

"அண்ணா, மூச்சு சத்தம் கேட்டா கேக்கட்டும். அத ஒண்ணும் பண்ண வேணாம்."

தனக்கு வேலை வைக்கக் கூடாதென்று தங்கை சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான் அவன். பாப்பா எப்போதும் அப்படித்தான். காய்ச்சல் கண்டாலும் ஒன்றுமில்லை என்பாள், செருப்பு அறுந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் வரும் என்பாள். இவளுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியது நான்தானே என்று நினைத்துக்கொண்டு, சரி பாப்பா என்று தலையாட்டினான்.

பதிவு செய்ததைச் சேர்த்து ஒழுங்குபடுத்துகிற வேலையை அவனே எடுத்துக்கொண்டான். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். வேலை முடிந்து வந்து, சிமெண்டுக் கையைக் கழுவிவிட்டு உட்காருவான். திரையில் தாளத்துக்கு ஒரு கோடு வீதம் நிற்கும், டைல்ஸுக்கு நடுவில் விடுகிற இடைவெளி மாதிரி, ஒரே சீராக. அந்தக் கோடுகளின் மேல் பாப்பாவின் குரல் அலை அலையாகக் கிடந்தது. ஒரு சொல்கூடக் கோட்டில் உட்காரவில்லை. எல்லாம் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் தள்ளி. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சின்னச் சின்னதாக மூச்சு, உடைந்த ஓட்டுச்சில்லு சிதறின மாதிரி.

அவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு சொல்லை மட்டும் வெட்டிக் கோட்டில் உட்கார வைத்துப் பார்த்தான். அழகாக இருந்தது. பிறகு அடுத்தது. ஒரு மூச்சை வெட்டி எடுத்தான், அந்த இடம் துடைத்த தரை மாதிரி ஆனது. அந்தச் சத்தம் காதில் விழுகிறபோதெல்லாம் அவனுக்கு ஜன்னல் சாத்திய அறையும், ஏறி இறங்குகிற மார்புக்கூடும்தான் ஞாபகம் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் இதைக் கேட்டு, ஐயோ இந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்துவிடக் கூடாதே. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த நோயை அவளிடமிருந்து தன் கையால் துடைத்து எடுப்பது மாதிரி இருந்தது அவனுக்கு. அப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்தான். ஆசையாக எடுத்தான். எல்லாப் பாட்டிலும்.

நடுவில் பாப்பா இரண்டொரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள்.

"ஈரம் காயல பாப்பா, இப்ப கால் வைக்காத" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான்.

அது அவன் தொழிலில் படிந்த பழக்கம். பாதி ஒட்டின தரையை வீட்டுக்காரருக்குக் காட்டவே மாட்டான். வெட்டின துண்டு, உடைந்த சில்லு, சிந்தின கலவை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியேற்றி, தரையை மூன்று தண்ணீரில் துடைத்த பிறகுதான் சாவியைக் கொடுத்து உள்ளே வரச் சொல்லுவான். ஆட்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பான். குப்பை கிடந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரிலும் அதையேதான் செய்தான். பாட்டெல்லாம் முடிந்ததும், வெட்டிப்போட்ட மூச்சு, பாப்பா முதலில் பாடினபடியே இருந்த பதிவு, டிரம்ஸ் தனி, கிட்டார் தனி என்று கிடந்த அத்தனையையும் அழித்தான். அழித்தது போய்ச் சேருகிற கூடையையும் காலி செய்தான். அப்போதுதான் அவனுக்கு மனசு ஆறியது. ஆல்பத்தை இண்டர்நெட்டில் ஏற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டான்.

புது ஸ்பீக்கரை இரவல் வாங்கி வந்து வைத்திருந்தான். அம்மா கட்டிலில், பாப்பா அவள் காலடியில், மருந்து நாற்காலியில், நெட்டையன் கதவில் சாய்ந்து. முதல் பாட்டு ஓடியது. கடிகாரம் மாதிரி ஓடியது. டிரம்ஸ் விழுகிற இடத்தில் சொல் விழுந்தது, மயிரிழை பிசகில்லை. நெட்டையன், டேய் நம்மளாடா இது என்றான். மருந்து தலையை ஆட்டினான், ஆனால் பாப்பாவைப் பார்த்துவிட்டு ஆட்டினதை நிறுத்தினான்.

அம்மா கேட்டாள். "யாருடா பாடுறது?"

"என்னம்மா கேள்வி இது, பாப்பாதான்."

"பாப்பா மாதிரிதான் இருக்கு" என்றாள் அம்மா.

பாப்பா கடைசிப் பாட்டு முடிகிறவரை அசையவில்லை. முடிந்ததும், நல்லா இருக்குண்ணா என்று சொல்லிவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவி முடிக்க ரொம்ப நேரமாயிற்று. அவனுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, நம் பாட்டைக் கேட்டு நெகிழ்ந்து போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புகிறபோது செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, நான் பாடினது இருக்கா? நீ கை வைக்கிறதுக்கு முன்னால இருந்தது?"

"அதெல்லாம் எதுக்கு பாப்பா, சுத்தமா எடுத்தாச்சு. ஒரு தூசு இல்ல."

அவள் செருப்பு வாரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "ஒண்ணுகூட இல்லையா?"

அப்போதுதான் அவனுக்கு எங்கேயோ இடறியது. ஏன், நல்லா இல்லையா என்றான்.

"இதுல நான் எங்கண்ணா இருக்கேன்?" என்று கேட்டாள் பாப்பா. சத்தம் போடவில்லை. வழி கேட்கிற மாதிரிக் கேட்டாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

வேலையிடத்தில் அன்றைக்குச் சுவர் டைல்ஸைத் தலைகீழாக ஒட்டிவிட்டான், ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், ஜன்னல் சாத்திய அறையைப் பற்றியது என்று மருந்து ஒரு தடவை சொல்லியிருந்த அந்த மூன்றாவது பாட்டைப் போட்டு, எண்ணாமல் கேட்டுப் பார்த்தான். அது இளைப்பு வருகிற ஒரு குழந்தையின் பாட்டு. அடுத்த மூச்சு வருமா என்று அந்தக் குழந்தை காத்துக் கிடக்கிறது. பக்கத்தில் ஒருத்தன் உட்கார்ந்து கட்டிலைத் தட்டுகிறான். மூச்சு வந்த பிறகுதான் அதற்கு ஒரு சொல் கிடைக்கிறது. எழுதினவள் அப்படித்தான் எழுதியிருந்தாள், பாடினவள் அப்படித்தான் பாடியிருந்தாள். இவன் அந்தக் காத்திருப்பைக் கோட்டுக்கு இழுத்து, மூச்சைக் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டியிருந்தான். அவனைப் பற்றித்தான் பாடியிருக்கிறாள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊர் உலகம் என்னவோ மெச்சியது. எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். இயந்திரம் மாதிரித் துல்லியம் என்றார்கள், அந்த ரகப் பாட்டில் அது பெரிய பாராட்டு. ஒருவர், இந்தப் பெண் மூச்சே விடாமல் பாடுகிறாள் என்று வியந்து எழுதியிருந்தார். தங்கைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதைப் போய் அவளிடம் காட்டினான்.

"மூச்சு விடாதவங்களுக்கு வேற பேருண்ணா" என்றாள். சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவன் திட்டே வாங்கியிருக்கலாம்.

திரும்பப் பதிவு செய்யலாம் என்று மருந்துதான் சொன்னான். வீடு அதே, அலமாரி அதே, ஆள் அதே, என்ன போச்சு என்றான். ரசமட்டத்துக்கு உயிர் வந்தது. இந்தத் தடவை ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன் என்று அம்மா தலையில் கை வைத்துச் சொன்னான். பாப்பாவும் சரியென்று அலமாரிக் கதவைத் திறந்து நின்றாள். டிரம்ஸ் விழுந்தது. அவள் சொல்லும் கூடவே விழுந்தது, அதே நொடியில். நிறுத்தி மறுபடி போட்டார்கள். மறுபடியும் கோட்டின் மேல்தான். அவள் மூச்சிழுக்கிறபோது முகத்தை மைக்கிலிருந்து திருப்பிக்கொண்டாள். திருப்புகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, நெட்டையன் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஆல்பத்தை அத்தனை தடவை கேட்டிருந்தாள். தன் குரல் எங்கே தப்பு என்று அண்ணன் கோடு போட்டுக் காட்டிய பிறகு, அந்தக் கோடு அவள் தொண்டைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

வாழ்நாளில் முதல் தடவையாக அவன் சொன்னான். "கொஞ்சம் லேட்டா வா பாப்பா."

"வர மாட்டேங்குதுண்ணா."

இன்னும் சில தடவை பார்த்தார்கள். பிறகு அவள் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கலைந்திருந்த துணிகளை மடித்து அடுக்கினாள். அம்மா வந்து, நான் மடிச்சுக்கிறேன் விடு என்றாள். அந்த வீட்டில் பாட்டு அதோடு சரி.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரங்குகளுக்குக் கூப்பிட்டபோது உடம்பு முடியவில்லை, கடையில் வேலை அதிகம் என்று ஏதாவது சொன்னாள். மருந்து வேறு ஒரு குழுவில் சேர்ந்தான். அவன் அம்மாவுக்குப் பாப்பாவை மருமகளாக்கிக்கொள்கிற எண்ணம் இருந்தது, அதுவும் பேச்சோடு நின்றது. நெட்டையன் வேனை மாற்றி லாரி எடுத்தான், நீண்ட தூரம் போகிற ஓட்டம். கண்ணாடிக் கடைக்காரர் வேறு ஊரில் கிளை திறந்தபோது பாப்பாவை அனுப்பினார். போன இடத்தில் கூட வேலை செய்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர், கண் பரிசோதிக்கிறவர், அதிகம் பேசாதவர். ஒரு பெண் குழந்தை. அண்ணனிடம் எப்போதும் போலத்தான் பேசினாள். அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாயா, உன் முழங்கால் எப்படியிருக்கிறது என்று எல்லாம் கேட்பாள். பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் தொட மாட்டார்கள். தரையில் ஒரு இடம் அடியில் கலவை பிடிக்காமல் பொள்ளலாக இருந்தால் அதன் மேல் கால் வைக்காமல் சுற்றிப் போவோமே, அது மாதிரி.

கொஞ்சம் தாமதமாக அவனுக்கும் கல்யாணம் ஆயிற்று. மனைவி பால் விற்பனை நிலையத்தில் வேலை, கணக்கில்லாமல் பேசுகிறவள், அவனுக்கு அவள் வந்தது நல்லதுதான். ஆல்பம் இண்டர்நெட்டில் அதன் பாட்டுக்கு இருந்துகொண்டிருந்தது. அவ்வப்போது யாராவது கேட்டார்கள், எழுதினார்கள். ஒவ்வொன்றும் அவனுக்கு முள். தான் செய்த காரியம் ஊர் நடுவில் அழியாமல் நிற்கிறதே, பாப்பா கண்ணில் தினமும் படுமே என்று மறுகினான். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய முதல் வருஷத் திதிக்குப் பாப்பா வந்துவிட்டுப் போன பிறகு, ஒரு முடிவுக்கு வந்தான். அவளுக்குத் தன்னால் செய்ய முடிகிற ஒரே நல்லது அதுதான் என்று தோன்றியது.

மனைவி கேட்டாள். "அவங்களக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. பாப்பா அப்படித்தான்."

ஆல்பத்தை எல்லா இடத்திலிருந்தும் இறக்கினான். எங்கே தேடினாலும் கிடைக்காதபடி செய்தான். பிறகு, பாரம் இறங்கினவன் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு, பாப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னான். இனிமேல் அது உன் கண்ணில் படாது என்றான்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தான்.

"பாப்பா?"

"இருக்கேன்." பிறகு கேட்டாள். "இதையும் நீயே முடிவு பண்ணிட்டியாண்ணா?"

அவளுக்குக் கோபம் வந்து அவன் பார்த்ததேயில்லை, அன்றைக்கும் குரல் உயரவில்லை. ஆனால் அத்தனை வருஷமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அது தன்னுடைய ஆல்பமும்தான் என்றாள். எழுதின சொல் தன்னுடையது, மகள் அதைக் கேட்டுத்தான் அம்மா பாடுவாள் என்று தெரிந்துகொண்டாள், எங்கோ ஒரு ஊரில் ஒரு பெண் அதை வைத்து உறுமப் பழகிவிட்டுத் தனக்கு எழுதினாள் என்றாள். முதலில் கேட்கவே முடியவில்லை, பிறகு கேட்கப் பழகிவிட்டேன் என்றாள்.

"மூணாவது பாட்டுல ஒரு இடம் இருக்கு. நீ டிரம்ஸ்ல உருட்டி உருட்டி அடிச்சுட்டுப் போவியே, அதுக்கு அடியில. அங்க என் மூச்சு ஒண்ண வெட்டாம விட்டுட்ட. உன் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேக்கும்ணா. அதுக்காகத்தான் போட்டுக் கேப்பேன்."

தப்பு பண்ணிட்டேன் பாப்பா என்றான். தெரியும்ணா என்றாள். முடித்த பாட்டு தன்னிடம் பத்திரமாக இருக்கிறது, இப்போதே ஏற்றிவிடுகிறேன் என்று பரபரத்துச் சொல்ல வாயெடுத்தவன், சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"மறுபடி ஏத்தட்டுமா?"

இந்தத் தடவை அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் குழந்தை எதையோ இழுத்துப்போடுகிற சத்தம் கேட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் அவன் அந்த மூன்றாவது பாட்டைப் போட்டான். ஹெட்ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு அந்த இடத்துக்குப் போனான். டிரம்ஸ் உருண்டு வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. திரும்பப் போட்டான். டிரம்ஸை மட்டும் குறைத்தால் கேட்கும். ஆனால் தனித்தனியாக இருந்ததையெல்லாம் அவன்தான் துடைத்துப் போட்டுவிட்டானே, இப்போது எல்லாம் ஒரே கலவையாக இறுகிக் கிடந்தது. டிரம்ஸை எடுத்தால் பாப்பாவும் போய்விடுவாள். இத்தனை வேகமாக அடிக்க வேண்டிய அவசியமே அந்த இடத்தில் இல்லை என்று அப்போதுதான் பட்டது.

பாப்பா இன்னும் சொல்லவில்லை. வாரா வாரம் பேசுகிறார்கள். மகளுக்குப் பல் விழுந்தது, வீட்டுக்காரருக்குக் கடையில் மேல்மாடிக்கு இடம் மாற்றம், எல்லாம் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் பேச்சு முடிகிற இடத்தில் அவன் கொஞ்சம் சும்மா இருந்து பார்க்கிறான். அவள் சரிண்ணா, வைக்கட்டுமா என்று கேட்கிறாள். வை பாப்பா என்கிறான். நெட்டையன் ஒரு நாள் லாரியை நிறுத்திவிட்டு வந்தவன், டேய் நம்ம பாட்டு எங்கேயுமே கிடைக்கலையே, என்னாச்சு என்று கேட்டான். பாப்பா முடிவு பண்ணணும் என்றான் ரசமட்டம். அவ எப்ப முடிவு பண்ணி, நாம எப்பக் கேக்கறது என்று நெட்டையன் சலித்துக்கொண்டான். ரசமட்டம் தட்டை எடுத்து வைத்து அவனுக்குச் சோறு போட்டான்.